பலகையின் மறுபக்கம்

எங்கள் கோழிக்கூட்டின் வடக்குச் சுவர்
ஒரு தேர்தல் பலகை.
ஓட்டு முடிந்த வாரம் முற்றத்திலிருந்து பிடுங்கி
எழுத்து உள்பக்கம் பார்க்க ஆணி அடித்தது டெல்மர்.
லாத்ரப். நீலத்தில் வெள்ளை.
முட்டைக்குக் குனியும்போதெல்லாம்
முப்பது வருடமாக வாசிக்கிறேன்.

தகப்பன் அதிபரானபோது எனக்கு ஒன்பது வயது.
மகன் ஒருமுறை தோற்றார், மறுமுறை வென்றார்.
இந்த டிசம்பரில் பேத்தி.

கனெக்டிகட்டிலிருந்து ஒரு பையன் வந்தான்,
பனியை அறியாத காலணி,
கக்கத்தில் புதுப்பலகை.
"மிஸஸ் ரைமர்ஸ், பிளைத் லாத்ரப்புக்காக..."
"பலகை என்னிடம் இருக்கிறது தம்பி" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
ஃபோனில் தட்டிக்கொண்டான்:
மூன்று தலைமுறை ஆதரவு.

அதனால்தான் அவளே வந்தாள் போலிருக்கிறது.
இரண்டு கறுப்பு வண்டி, ஒரு கேமராக்காரி.
என் சமையலறையில் உட்கார்ந்து
காப்பிக் கோப்பையை இரு கையாலும் பொத்திப் பிடித்தாள்.
அவள் அப்பாவும் டிவியில் அப்படித்தான் பிடிப்பார்.
சொல்லிக்கொடுத்ததா,
இல்லை, மூக்கைப் போல தானாக வந்ததா?
நல்ல பெண்தான், பொய் சொல்லக்கூடாது.
டெல்மர் இறந்தது எந்த மாதம் என்றுகூடத் தெரிந்திருந்தது
(காரில் வரும்போது படித்திருப்பாள்).
"பெயர் என்பது ஒரு கடன்,
தாத்தா எப்போதும் சொல்வார்" என்றாள்.

வண்டிகள் போன பின்னும்
அந்தச் சொல் மேசைமேல் கிடந்தது.

எங்கள் வீட்டிலும் பெயர் கைமாறியிருக்கிறது.
டெல்மர் ரைமர்ஸ் கையெழுத்திட்ட தாளுக்குக் கீழே
கர்ட் ரைமர்ஸ் கையெழுத்திட்டான்.
அதே வங்கி, அதே மேசை,
வட்டி மட்டும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.
நூற்றிருபது ஏக்கர்.
கர்ட் இப்போது டிமொயினில்
யாருடைய லாரியையோ ஓட்டுகிறான்.
வண்டியின் பக்கவாட்டில் ஒரு பெயர் உண்டு,
அவனுடையது அல்ல.

விதைக்கடை ஆர்லோ சொன்னான்:
"வீரியச் சோளம் முதல் வருடம் ஆளை மறைக்கும்.
அதன் மணியையே எடுத்து மறுபடி விதைத்துப் பார்.
இது தெரியாத விவசாயி அயோவாவில் கிடையாது.
தெரிந்துகொண்டேதான் போய்
அந்த மூலையில் நிற்பான்."
நிஜம்தான்.
வாழையடி வாழைக்கு இந்தக் குளிர் ஆகாது.
சொன்ன ஆர்லோவும் அந்த மூலையில்தான் நின்றான்.

காக்கஸ் இரவு. பள்ளிக்கூட ஜிம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே லாத்ரப் கூட்டம்,
கோட்டும் குல்லாயுமாக, கல்யாண வீட்டுச் சத்தத்தோடு.
எதிர்மூலையில்
டுலூத்திலிருந்து வந்த ஒரு மேயருக்கு
பதினொரு பேர்.
பன்னிரண்டு இல்லாவிட்டால் மூலையே கலைந்துவிடும்.
அந்த மேயரின் பெயர்
அங்கே நின்றவர்கள் வாயிலேயே சரியாக நுழையவில்லை.

நான் நடுக்கோட்டில்,
தரையில் வரைந்திருந்த கழுகின் அலகுமேல் நின்றேன்.
கனெக்டிகட் பையன் கையசைத்தான்,
இடம் பிடித்து வைத்திருப்பவன் போல.
"லவோன், வா, இங்கே சூடாக இருக்கிறது" என்று யாரோ.
சூடாகத்தான் இருந்திருக்கும்.

எதற்காகப் போனேன் என்று
கர்ட் ஃபோனில் இன்னும் கேட்கிறான்.
கொள்கை ஒன்றும் இல்லையடா.
கால் அந்தப் பக்கம் திரும்பியது.
அங்கே அட்டை நிரப்பிக்கொண்டிருந்த பெண்,
ஊருக்குப் புதுசு, மூன்றாம் வகுப்பு டீச்சராம்,
நிமிர்ந்து கேட்டாள்:
"உங்கள் பெயரை எப்படி எழுதணும்?"

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.
அவசரமே படவில்லை.

லாத்ரப் எங்கள் கவுண்ட்டியில் நான்கு மடங்கு வென்றாள்.
காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
பலகையைப் பிடுங்கிவிடலாமா என்று
சுத்தியலோடு கொஞ்சநேரம் நின்றேன்.
வடகாற்று அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது.
கோழிகள் எழுத்தில் முதுகைச் சாய்த்து
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன.

நான்கு முட்டை.
ஒன்று இன்னும் சூடாக.